தானம் தரும் சைக்கிளும் அதன் பிரேக்கும்



நம் அறநிலையத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு நிர்வாகத்தினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் தேயிலை ஸ்டோரில் இயந்திரம் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்தது நட்டும் போல்ட்டும்தான். "தெரிந்ததையே எழுதுங்கள் ஐயா" என்றார்கள். ஓய்வு பெற்ற பின், நன்கொடையாளர்கள் தரும் பழைய சைக்கிள்களைப் பழுதுபார்த்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு வழங்கும் பணியை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்தப் பணியில் நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை இங்கே எழுதுகிறேன். அதைக் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளையின் எலும்பு முறிய வேண்டியிருந்தது என்பதால், மற்றவர்களும் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

நம் ஊரும் அதன் இறக்கமும்

கேமரன் மலையின் வடகோடியில் இருக்கிறது நம் கம்போங் ராஜா. தானா ராத்தா, பிரிஞ்சாங், கீ ஃபார்ம், திரிங்காப், கோலா தெர்லா என்று வரும் சாலை நம் ஊரைத் தொட்டு, சிம்பாங் பூலாய் நோக்கி இறங்கிப் போகிறது. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். 1929-ஆம் ஆண்டில் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்தக் காலந்தொட்டு நம் முன்னோர் சரிவில் நின்று கொழுந்து பறித்தார்கள். சரிவிலேயே லயம் கட்டிக் குடியிருந்தார்கள். இங்கே சமதரை என்பது அபூர்வம். ஒரு வீட்டிலிருந்து கடைக்குப் போவதென்றால் இறக்கம். திரும்பி வருவதென்றால் ஏற்றம்.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சைக்கிள் அன்றாட வாகனம். மலைத்தோட்டத்தில் அப்படியில்லை. ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவதற்கா வண்டி என்று பெரியவர்கள் கேட்பார்கள். பற்சக்கரங்களை மாற்றி மாற்றி ஏறும் 'மௌண்டன்' சைக்கிள்கள் வந்த பிறகே நம் பிள்ளைகளுக்கும் சைக்கிள் ஆசை வந்தது. 1996-ஆம் ஆண்டில் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயம் பின்னாளில் நம் மலைக்கும் ஏறி வந்தபோது அந்த ஆசை இரட்டிப்பானது.

ஏறுவதற்குக் கால் பலம் போதும். இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ எடை, 100 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்போது விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 78,000 ஜூல். கால் லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கவும் ஏறக்குறைய அதே அளவு ஆற்றல்தான் வேண்டும். அதாவது, ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு குவளைத் தேநீருக்கான தண்ணீர் கொதிக்கும் அளவு வெப்பம்! வேகமாகப் போனால் அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். பிள்ளைகள் இறங்க வேண்டியபடி மெதுவாக இறங்கினால், பெரும்பகுதியை விரலளவுள்ள நான்கு ரப்பர்க் கட்டைகளும் சக்கரத்தின் ரிம்முமே வாங்க வேண்டும். இதோடு நம் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மலை இது. ஈர ரிம்மில் பிரேக் பிடித்தால், சக்கரம் சில சுற்றுச் சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகே பிடிப்புக் கிடைக்கும்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நகரத்திலிருந்து ஒரு லாரியில் பதினொரு பழைய சைக்கிள்கள் வந்து சேர்ந்தன. நல்ல மனத்தோடு தரப்பட்டவை. துடைத்து, எண்ணெய் இட்டு, டயருக்குக் காற்றடித்து, ஒவ்வொன்றின் பிரேக் பிடியையும் கையால் அழுத்திப் பார்த்தேன். பலவற்றில் பிடி சற்று மெத்தென்று உள்ளே போயிற்று. ஒன்றில் மட்டும் கல்லைப் போல் கெட்டியாக நின்றது. 'இதுதான் முதல்தரமான பிரேக்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். மேட்டு லயத்தில் குடியிருந்த ஒரு பையனுக்கு அதை ஒதுக்கினேன். மற்றவர்களைவிட அவன் வழியில்தான் இறக்கம் அதிகம். ஆகவே நல்ல பிரேக் அவனுக்கே போகட்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் நாள் மாலை, தூறலில், முட்டை வாங்கக் கடைக்கு இறங்கியவன் மதகு வளைவில் நிற்க முடியாமல் வாய்க்காலில் விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. காய்கறி ஏற்றிய லாரிகள் ஓயாமல் வரும் வளைவு அது. அந்த நேரத்தில் ஒன்றும் வராதது நாம் செய்த புண்ணியம்.

அவன் தாயாரைப் பார்க்கப் போனேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. "அண்ணே, நீங்க பார்த்துக் குடுத்த வண்டிதானேன்னு நம்பி விட்டேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிரவே சைக்கிளைக் கழற்றிப் பார்த்தேன். கட்டைகள் நல்லவை. ஒயர் புதியது. ரிம் நேராக இருந்தது. கழன்றதோ அறுந்ததோ எதுவும் இல்லை. "பிரேக் பிடித்தேன் தாத்தா, கெட்டியாகத்தான் இருந்தது, வண்டி நிற்கவில்லை" என்று பையன் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் யோசித்த பிறகே விளங்கிற்று. அவன் சொன்னது உண்மை. கெட்டியாக இருந்ததுதான் கோளாறு.

கேண்டிலீவர் பிரேக் என்பது எது?

இதை விளக்குமுன் பிரேக் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் அப்பா காலத்து ராலே, ஹெர்குலிஸ் சைக்கிள்களில் ஒயர் கிடையாது. இரும்புக் கம்பிகள் கட்டையை மேல்நோக்கி இழுத்து ரிம்மின் உட்புறத்தில் அழுத்தும். ரிம்மும் முலாம் பூசிய இரும்பு. சமவெளிக்கு அது போதும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் அந்தப் பிரேக் பெரும்பாலும் வழுக்கும்.

கேண்டிலீவர் வேறு வகை. முன்சக்கரப் போர்க்கின் இரு கால்களிலும், பின்சக்கரத்தின் இரு பக்கத் தண்டுகளிலும் ரிம்முக்குக் கீழே ஒவ்வொரு முளை பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முளையிலும் ஒரு கை பொருத்தப்பட்டுச் சுழலும். அந்தக் கையில்தான் பிரேக் கட்டை இருக்கிறது. இரு கைகளின் மேல்முனைகளையும் ஒரு சிறிய ஒயர் இணைக்கும். அதைக் குறுக்கு ஒயர் என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடியிலிருந்து வரும் முதன்மை ஒயர், முக்கோண வடிவமான ஒரு கொக்கியால் குறுக்கு ஒயரின் நடுவைப் பிடித்து மேலே இழுக்கும். இழுத்தால் இரு கைகளும் உள்ளே மடங்கி, கட்டைகள் ரிம்மை இரு பக்கமும் கவ்வும்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. பிரான்சு நாட்டின் மாஃபாக் நிறுவனத்தார் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இவ்வகைப் பிரேக்கைச் செய்தார்கள். இருவர் ஓட்டும் நீண்ட சைக்கிள்களுக்கும், பொதி ஏற்றித் தொலைதூரம் போகிறவர்களுக்கும் அது விருப்பமாக இருந்தது. அகலமான டயருக்கும் சேற்றுக்கும் இடம் விடுவதால் 1980-களில் மௌண்டன் சைக்கிள்கள் அதை எடுத்துக்கொண்டன. 1996-இல் ஷிமானோ நிறுவனம் 'வி-பிரேக்' என்பதை அறிமுகப்படுத்தியது. அதில் கைகள் நீளம். குறுக்கு ஒயர் இல்லை. முதன்மை ஒயர் ஒரு கையின் முனையிலிருந்து மறுகையின் முனைக்கு நேராகக் குறுக்கே ஓடும். இன்று கடையில் வாங்கும் புதிய சைக்கிள்களில் பெரும்பாலும் வி-பிரேக் அல்லது தட்டுப் பிரேக்கையே காண்கிறோம். ஆனால் நமக்குத் தானமாக வருபவை பழைய வண்டிகள். ஆகவே கேண்டிலீவரும் வி-பிரேக்கும் கலந்தே வருகின்றன. ஆபத்து அந்தக் கலப்பில்தான் இருக்கிறது.

கெட்டியான பிடி ஏன் பலவீனமானது?

கடப்பாரையால் பாறையைப் புரட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீளமான கடப்பாரையின் நுனியைப் பிடித்து அழுத்தினால் கை வெகுதூரம் இறங்கும், பாறை ஓர் அங்குலம்தான் எழும்பும், ஆனால் எழும்பும். கடப்பாரையைப் பாறைக்கு அருகில் பிடித்து அழுத்தினால் கை அசையவே அசையாது, கெட்டியாக இருக்கும், பாறையும் அசையாது. கை அதிகம் நகர்ந்தால் பலம் பெருகுகிறது. கை நகரவில்லை என்றால் பலம் பெருகவில்லை என்று பொருள்.

பிரேக்கும் அப்படியே. பிடி சற்று மெத்தென்று உள்ளே போகிறது என்றால், உங்கள் விரலின் பலம் பலமடங்காகி ரப்பர்க் கட்டையை நசுக்குகிறது என்று அர்த்தம். பிடி சிறிது நகர்ந்ததும் கல்லாக நிற்கிறது என்றால், கட்டை ரிம்மைத் தொட்டுவிட்டது, ஆனால் விரலின் பலம் பெருகாமலே போய்ச் சேர்கிறது என்று அர்த்தம். ஸ்டோரில் ஸ்பேனர் பிடித்துப் பழகிய என் கைக்கு அந்தப் பலமே போதுமாக இருந்தது. ஒரு சிறுவனின் நான்கு விரலுக்கு அது போதவில்லை.

அந்தச் சைக்கிளில் நடந்தது இதுதான். பிரேக் கேண்டிலீவர் வகை. கைப்பிடியோ வி-பிரேக்குக்கு உரியது. யாரோ எப்போதோ உடைந்த பிடிக்குப் பதிலாக மாட்டியிருக்கிறார்கள். வி-பிரேக்கின் நீண்ட கைகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒயர் இழுபட வேண்டும். ஆகவே அதற்குரிய பிடி ஒயரை அதிகமாக இழுக்கும். ஆனால் குறைந்த பலத்தோடு இழுக்கும். அதைக் கேண்டிலீவரில் மாட்டினால் கிடைப்பது ஏறக்குறைய பாதிப் பலம்தான். தொட்டுப் பார்த்தால் மட்டும் அருமையாகக் கெட்டியாக இருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

சைக்கிளைத் தானம் தருகிறவர்களும், பிள்ளைக்குப் பழைய சைக்கிள் வாங்குகிறவர்களும் இவற்றைப் பார்க்க வேண்டுகிறேன்.

முதலாவது, பிடியும் பிரேக்கும் ஒரே வகையா? பிடியை அழுத்தி, அது சுழலும் ஆணிக்கும் ஒயரின் குண்டு மாட்டியிருக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீட்டர் என்றால் அது கேண்டிலீவருக்கு உரியது. 30 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் வி-பிரேக்குக்கு உரியது. மாற்றி மாட்டியிருந்தால் அந்தச் சைக்கிளைச் சாலையில் விடக்கூடாது. வி-பிரேக்கைக் கேண்டிலீவர் பிடியோடு சேர்ப்பதும் தவறே. அப்போது பிடி மிகவும் மெத்தென்று, கட்டை முழுமையாகப் பிடிக்குமுன்பே ஹேண்டில்பாரில் இடித்து நின்றுவிடும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, ரிம் எந்த உலோகம்? காந்தம் ஒட்டினால் இரும்பு. மழைக்கு அலுமினிய ரிம்மே நல்லது. அலுமினிய ரிம்மின் பக்கம் உட்குழிந்து தேய்ந்திருந்தால் அதுவும் ஆகாது. மெலிந்த ரிம் டயரின் காற்றழுத்தத்தில் பிளந்துவிடக்கூடும்.

மூன்றாவது, பிள்ளையின் விரல் பிடியை எட்டுகிறதா? பல பிடிகளில் அதை ஹேண்டில்பாருக்கு அருகே கொண்டுவர ஒரு சிறிய திருகு இருக்கும். அதைத் திருகி விரலின் நடுக்கணு பிடியில் படியும்படி வைக்க வேண்டும்.

நான்காவது, முளைகள் உறுதியாக உள்ளனவா? கேண்டிலீவரோ வி-பிரேக்கோ, முளை இல்லாத சட்டத்தில் பொருத்த முடியாது. முளை வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் மற்றவை எல்லாம் புதிதாக இருந்தும் பயனில்லை.

கேண்டிலீவரிலும் இரு தோற்றங்கள் உண்டு. கைகள் இருபுறமும் இறக்கை போல விரிந்து நிற்பது ஒன்று. இது பழைய அமைப்பு. நல்ல பலம் தரும். ஆனால் பின்சக்கரத்தில் சிலருக்குக் குதிகாலில் இடிக்கும். கைகள் சட்டத்தை ஒட்டி மேல்நோக்கி நிற்பது மற்றொன்று. இது பார்க்க அடக்கமானது. ஆனால் குறுக்கு ஒயரைச் சரியாக அமைக்காவிட்டால் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். தானமாக வருபவற்றில் இரண்டாவது வகையே அதிகம். ஆகவே சரிசெய்யும் முறை தெரிந்திருப்பது அவசியம்.

சரிசெய்யும் முறை

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஐந்து மில்லிமீட்டர் அலன் சாவி, பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர், சிறிய திருப்புளி, கொஞ்சம் கிரீஸ், ஒரு துணி ஆகியவை பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும்.

முதலில் சக்கரம் நேராக மாட்டப்பட்டு, கோணாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். சக்கரம் கோணல் என்றால் பிரேக்கைச் சரிசெய்வது வீண்வேலை. ரிம்மில் எண்ணெய்ப் பசை இருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

அடுத்து, கைகளைக் கழற்றி முளையைத் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவுங்கள். கையின் ஸ்பிரிங் முனை நுழைவதற்குப் பெரும்பாலும் மூன்று துளைகள் இருக்கும். இரு பக்கமும் ஒரே வரிசைத் துளையில், பொதுவாக நடுத்துளையில், மாட்டுங்கள். போல்ட்டை முறுக்கிய பின் கை தடையின்றி ஆடி, விட்டதும் வெளியே திரும்ப வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் முளை வீங்கிக் கை இறுகிக்கொள்ளும்.

மூன்றாவது, கட்டைகள். இது பொறுமையான வேலை. கட்டை ரிம்மின் மேல்விளிம்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழே, முழுமுகமும் ரிம்மில் படியும்படி இருக்க வேண்டும். டயரைத் தொட்டால் டயர் அறுந்துவிடும். ரிம்முக்குக் கீழே இறங்கினால் இன்னும் ஆபத்து. கேண்டிலீவரில் கட்டை தேயத் தேய, அது ரிம்மைத் தொடும் இடம் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே வரும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் ரிம்முக்கு அடியில் நழுவிச் சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டிக்கொள்ளும். கட்டையின் முன்முனை முதலில் தொடும்படி சற்றுச் சாய்த்து வையுங்கள். பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள அட்டைத் துண்டைச் செருகி, கட்டையை ரிம்மில் அழுத்திப் பிடித்தபடி நட்டை முறுக்கினால் சாய்வு தானே அமையும். பிரேக் கிறீச்சிடுவது பெரும்பாலும் இதனால் நின்றுவிடும். ரப்பர் மட்டும் மாற்றும் வகைக் கட்டையானால், அதன் கூட்டில் மூடிய முனை முன்பக்கம் இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால், சக்கரம் இழுக்கும் வேகத்தில் ரப்பர் வெளியே பறந்துவிடும்.

நான்காவது, குறுக்கு ஒயர். பலத்தின் இரகசியம் இங்கேதான். வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்தும் கொடிக்கயிற்றைப் பாருங்கள். தளர்வாகக் கட்டிய கயிற்றில் ஈரப் போர்வையைப் போட்டால் கம்பங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. இறுக்கி நேராகக் கட்டிய கயிற்றின் நடுவில் அதே போர்வையைப் போட்டால் இரு கம்பங்களும் உள்ளே சாய்கின்றன. எடை ஒன்றுதான்; கயிறு மட்டமாக இருப்பதால் கம்பத்தை இழுக்கும் பலம் கூடுகிறது. குறுக்கு ஒயரும் கொடிக்கயிறும் ஒன்றே. போர்வை கீழே இழுக்கிறது, முக்கோணக் கொக்கி மேலே இழுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கொக்கி உயரத்தில் நின்றால் குறுக்கு ஒயர் கூரை போல் செங்குத்தாகும், பலம் குறையும், பிடி கெட்டியாக இருக்கும். கொக்கியைத் தாழ்த்தினால் ஒயர் மட்டமாகும், பலம் கூடும், பிடி மெத்தென்றாகும். கைகள் மேல்நோக்கி நிற்கும் வகையில் இந்த வித்தியாசம் மிக அதிகம். விரிந்து நிற்கும் வகையில் குறைவு.

அப்படியானால் எவ்வளவு தாழ்த்துவது? இரண்டு எல்லைகள் உண்டு. கொக்கியும் குறுக்கு ஒயரும் டயரையோ சேற்றுத் தகட்டையோ நெருங்கக் கூடாது. ஒட்டிய சேறு போகவும் இடம் வேண்டும். மேலும், பிடியை முழுப் பலத்தோடு அழுத்தினாலும் அது ஹேண்டில்பாரைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளியாவது மிச்சம் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உட்பட்டு எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு வையுங்கள். சில வண்டிகளில் குறுக்கு ஒயரின் நீளம் மாற்ற முடியாதபடி இருக்கும். அவற்றில் அந்த நிறுவனம் வைத்த அமைப்பையே பின்பற்ற வேண்டியதுதான்.

ஐந்தாவது, நடுப்படுத்துதல். இரு கட்டைகளும் ரிம்மிலிருந்து ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால் கையின் ஓரத்தில் உள்ள சிறிய திருகை உள்ளே முறுக்கினால் அந்தப் பக்கக் கட்டை விலகும்.

கடைசியாக, பிடியைப் பத்துமுறை முழுப் பலத்தோடு அழுத்துங்கள். புதிய ஒயர் சற்று நீளும், முடிச்சுகள் இறுகும். பிறகு எல்லா நட்டுகளையும் மறுமுறை பாருங்கள். ஒயரில் ஒரே ஓர் இழை பிரிந்திருந்தாலும் முழு ஒயரையும் மாற்றுங்கள்.

முன்சக்கரத்துக்கு இன்னொரு காவலும் அவசியம். முதன்மை ஒயர் அறுந்தால், குறுக்கு ஒயர் தளர்ந்து டயரின் மேல் விழும். மௌண்டன் சைக்கிளின் டயரில் உள்ள பற்கள் அதைப் பிடித்து இழுத்துச் சக்கரத்தையே பூட்டிவிடும். ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். முன்பக்கச் சேற்றுத் தகடு அல்லது பிரதிபலிப்பான் மாட்டும் தகடு அங்கே இருந்தால் விழும் ஒயரை அது தாங்கிக்கொள்ளும். அழகுக்காக அதைக் கழற்றி எறிகிற வழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. கழற்ற விடாதீர்கள்.

இறக்கத்தில் ஓட்டும் முறை

நல்ல பிரேக் இருந்தாலும் அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முன்பிரேக்கே அதிகம் நிறுத்தும். அதற்குப் பயந்து பின்பிரேக்கை மட்டும் பிடிப்பவர்கள், சக்கரம் சறுக்கி விழுகிறார்கள். இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கைச் சீராக, உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பிடிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவில் போய்ப் பிடிக்கக் கூடாது. மழையில், பிரேக் தேவைப்படுவதற்குச் சற்று முன்பே மெல்லத் தொட்டு ரிம்மின் தண்ணீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட இறக்கத்தில் நடுவே நின்று ரிம்மை ஆறவிடுவது நல்லது. ரிம் அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே இருக்கும் டியூப் வெடிக்கவும் கூடும்.

ஒரு வேண்டுகோள்

அந்தப் பையனின் எலும்பு கூடியது. சைக்கிளுக்குச் சரியான பிடி மாட்டி, குறுக்கு ஒயரைத் தாழ்த்தி, கட்டைகளைச் சாய்த்து அமைத்துத் திரும்பக் கொண்டுபோனேன். இம்முறை நான் அழுத்திப் பார்க்கவில்லை. "நீ அழுத்து" என்று அவனிடம் கொடுத்தேன். சமதரையில் வண்டியை முன்னே தள்ளிக்கொண்டு முன்பிரேக்கைப் பிடிக்கச் சொன்னேன். பின்சக்கரம் தரையைவிட்டு மேலெழும்பியது. அவன் சிரித்தான். அவன் தாயார் ஒன்றும் சொல்லாமல் வந்து, தாமும் ஒருமுறை பிடியை அழுத்திப் பார்த்தார். பிறகுதான் வண்டியை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து இதை ஒரு விதியாக வைத்திருக்கிறேன். பிரேக்கைச் சோதிக்கும் கை, ஓட்டப்போகும் கையாக இருக்க வேண்டும். எந்தச் சைக்கிளையும் அதைப் பெறும் பிள்ளை தன் விரலால் நிறுத்திக் காட்டிய பிறகே கொடுக்கிறேன். பெற்றோரும் உடன் நின்று பார்க்கிறார்கள்.

நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். சைக்கிள் தரும்போது அதோடு இரண்டு சோடிப் பிரேக் கட்டைகளும், இரண்டு ஒயர்களும் சேர்த்துத் தாருங்கள். வண்ணப் பூச்சுக்கும் மணிக்கும் செலவிட நினைப்பதை இதற்குச் செலவிடுங்கள். வழங்கும் நாளுக்கு முதல்நாள் மாலை வண்டியைக் கொண்டுவராமல், இரண்டு வாரங்களுக்கு முன்பே அனுப்பிவையுங்கள். ஒரு சைக்கிளைச் சரியாகப் பார்க்க எனக்கு அரைநாள் ஆகிறது. வயதும் ஆகிவிட்டது. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் யாராக இருந்தாலும் வரலாம். கற்றுத்தரக் காத்திருக்கிறேன்.

கொடுப்பது பெரிய காரியம். கொடுத்தது ஒரு பிள்ளையைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது. அதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். படிக்கும் நீங்கள் முன்னதாகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையால் இதை எழுதினேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.